சாலையும் கடற்கரையும்: மாணவர் கூட்டு வாழ்வின் பொருளியல்

கி.பி. 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முன்சிறைச் சபையாருக்கு ஈட்டு நிலம் கொடுத்து, உழக்குடிவிளை என்னும் இடத்தைத் தன் பெயரில் பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, அவ்விடத்துக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். கோயிலை ஒட்டி 95 மாணவர் தங்கிப் பயில ஒரு சாலையையும் நிறுவினான். 'சாலை' என்னும் சொல் இன்று வண்டிகள் ஓடும் வழியைக் குறிக்கிறது. அக்காலத்தில் அது உணவும் உறைவிடமும் தந்து கல்வி புகட்டிய நிலையத்துக்கு உரிய பெயராக இருந்தது. மாணவர் 'சட்டர்' எனப்பட்டனர்.

இக்கொடையைப் பதிவு செய்த செப்பேடுகள் திருவனந்தபுரத்தில் ஹுசூர் அலுவலகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தமையால் அப்பெயராலேயே அறியப்பட்டன. திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் முதல் தொகுதியில் து.அ. கோபிநாத ராவ் அவற்றைப் பதிப்பித்தார். பார்த்திவசேகரபுரம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. ஆய் மன்னர்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கிய விழிஞ்ஞம் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது. 1956-இல் வகுக்கப்பட்ட மாநில எல்லை இவ்விரண்டுக்கும் நடுவே செல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டும் ஒரே ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. கடலும் நிலமும் சேர்ந்து பொருள் ஈட்டித் தந்த அவ்வாட்சியில்தான் 95 இளைஞரின் அன்றாட வாழ்வுக்குரிய ஏற்பாடு செப்பேட்டில் எழுதி வைக்கப்பட்டது.

பல்கலைக்கழக மாணவரின் சமூக வாழ்வு, வளாகப் பணிகளில் அவர்தம் பங்கு ஆகியவை பற்றிப் பேசும்போது, அவை கல்விக்கு வெளியே தாமாக விளையும் இன்பங்கள் என்று கருதுவதே வழக்கமாக உள்ளது. நட்பு, விவாதம், நாடகம், தேர்தல், விளையாட்டு, முகாம் ஆகியவை பட்டச் சான்றிதழில் இடம் பெறுவதில்லை. ஆகவே அவற்றுக்கு விலை இல்லை என்று எண்ணிவிடுகிறோம். பார்த்திவசேகரபுரச் செப்பேட்டைப் படிப்பவருக்கு இவ்வெண்ணம் நிலைக்காது. கூட்டு வாழ்வுக்கு நிலமும், உணவும், விதிகளும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரமும் தேவை என்பதை அதனை எழுதியவர் நன்கு அறிந்திருந்தனர்.

செப்பேட்டில் ஒரு வளாகம்

95 இடங்களும் வேதக் கிளைகளின்படி பகுக்கப்பட்டிருந்தன. பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரீய சரணத்தாருக்கு 36, தலவகார சரணத்தாருக்கு 14. சேர விரும்புவோர் இலக்கணம், மீமாஞ்சை, புரோகிதம் ஆகியவற்றில் பயிற்சி உடையவராய் இருத்தல் வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறைகளைப் பற்றிய அறிவும் எதிர்பார்க்கப்பட்டது. மறை ஓதுவோருக்கு அரசியல் நடைமுறை எதற்கு என்ற கேள்வி எழலாம். சாலை அர்ச்சகரை மட்டும் உருவாக்கவில்லை, ஆட்சிக்குத் துணை நிற்போரையும் உருவாக்கியது என்று கொள்வதே பொருத்தம்.

நிறுவன முறைமையைக் காந்தளூர்ச் சாலையிலிருந்து எடுத்துக்கொண்டதாகச் செப்பேடு கூறுகிறது. அதாவது, 866-ஆம் ஆண்டுக்கு முன்பே முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க சாலை ஒன்று இயங்கி வந்தது. அது திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியில் இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' செய்தி அவனுடைய மெய்க்கீர்த்தியில் இடம்பெற்றது. அங்கே அறுக்கப்பட்டவை மரக்கலங்களா, உண்கலங்களா, வேறொன்றா என்ற விவாதம் நூறாண்டாகியும் ஓயவில்லை. சாலைகளில் படைப்பயிற்சியும் நடந்தது என்று வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் வாதிட்டார்.

அவ்வாதத்துக்கு இடம் தருபவை செப்பேட்டின் ஒழுங்கு விதிகளே. சட்டர் ஒருவரையொருவர் இழிசொல் கூறலாகாது, கூறினால் தண்டம் உண்டு. கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டு வரலாகாது. சூதாடலாகாது. தங்குமிடங்களில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. விதிகளைப் படிக்கும்போது அவற்றுக்குப் பின்னே நின்ற இளைஞர்கள் கண்ணுக்குத் தெரிகின்றனர். எவரும் செய்யாத ஒன்றைத் தடுக்க எவரும் செப்பேட்டில் எழுதி வைப்பதில்லை. ஏசிக்கொண்டவர், கைகலந்தவர், கூட்டத்துக்குக் கத்தியோடு வந்தவர், பகடை உருட்டியவர் ஆகிய எல்லாரும் அந்த 95 பேருக்குள் இருந்திருத்தல் வேண்டும்.

இன்றைய விதிகளை இவற்றோடு ஒப்பிட்டால் அடிப்படைக் கவலை மாறவில்லை என்பது புலனாகும். மூத்த மாணவர் இளையோரைத் துன்புறுத்தும் பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாடு 1997-இலும் கேரளம் 1998-இலும் சட்டம் இயற்றின. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. மாணவர் பேரவைத் தேர்தல்களுக்கு 2006-இல் லிங்டோ குழு வகுத்த நெறிமுறைகளைச் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வேட்பாளர் செலவிடத்தக்க உச்ச வரம்பு 5,000 ரூபாய், வருகைப்பதிவு குறைந்தது 75 விழுக்காடு என்பன அவற்றுள் சில. ஆயுதமும் பணமும் கூட்டத்துக்குள் நுழையலாகாது என்பதே இரு காலத்து விதிகளின் உட்பொருள்.

பாயும், விளக்குக்கு எண்ணெயும்

விதி இயற்றுவது எளிது. வாழ்வுக்குப் பொருள் ஒதுக்குவதே அரிது. இவ்வகையில் சோழர் காலக் கல்வெட்டுகள் இன்னும் விளக்கமான கணக்கைத் தருகின்றன. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி இருந்தது. இளநிலை மாணவர் 270 பேருக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல். முதுநிலை மாணவர் 70 பேருக்குப் பத்து நாழி நெல். செலவுக்கு ஆதாரமாக நிலம் ஒதுக்கப்பட்டது. இக்காலத்து நிதிநிலை அறிக்கையில் காணப்படும் தொடர்செலவு என்னும் கருத்து அக்கல்வெட்டில் முழுமையாக உள்ளது.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு மேலும் ஒரு படி செல்கிறது. அங்கே கோயிலைச் சார்ந்து கல்விநிலையமும், விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இயங்கின. மாணவர் படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தோறும் தலைமுழுக எண்ணெய் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஒதுக்கீடு செய்யப்பட்டது. சனி நீராட்டை அரசுச் செலவில் சேர்த்த கணக்கர், மாணவனைப் படிக்கும் இயந்திரமாகக் கருதவில்லை. விடுமுறை நாளில் ஆற்றங்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கூடிப் பேசும் இளைஞர் கூட்டம் அவர் மனத்தில் இருந்தது போலும்.

இக்காலத்து அளவையும் நோக்குதல் வேண்டும். பட்டியல் சாதி மாணவர்க்கான மைய அரசின் பள்ளிமேற்படிப்பு உதவித்தொகை 2021-இல் திருத்தி அமைக்கப்பட்டது. தொழிற்படிப்பு அல்லாத பட்டப்படிப்புகளில், விடுதியில் தங்குவோருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், வீட்டிலிருந்து வருவோருக்கு 3,000 ரூபாய் என்று படித்தொகை நிர்ணயிக்கப்பட்டது. விடுதி வாழ்வுக்கு இருமடங்கு செலவாகும் என்பதை இவ்விதி ஏற்றுக்கொள்கிறது. எனினும் 6,000 ரூபாயை 365 நாட்களுக்குப் பகுத்தால் நாள் ஒன்றுக்குப் பதினாறரை ரூபாய்க்கும் குறைவாகவே வரும். கல்விக் கட்டணம் இதற்குப் புறம்பாகத் திருப்பித் தரப்படுகிறது என்பது உண்மையே. கட்டணம் வகுப்பறைக்குள் சேர்க்கும்; படித்தொகையே வளாகத்தில் நிற்க வைக்கும்.

95 இடங்களுக்கு வெளியே

பழைய சாலைகளைப் போற்றிப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பார்த்திவசேகரபுரத்தின் 95 இடங்களும் பிறப்பால் முன்கூட்டியே நிரப்பப்பட்டவை. விழிஞ்ஞத்துக் கடற்கரையில் வலை இழுத்தவரின் மகன் அங்கே நுழைந்திருக்க முடியாது. மகளைப் பற்றிய பேச்சே இல்லை. கோட்டையும் துறைமுகமும் தந்த செல்வத்தில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருந்தது. அச்செல்வத்தால் நடந்த கல்வியில் அவர்களுக்குப் பங்கில்லை.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937-இல் நிறுவப்பட்டது. 1957-இல் கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பிறப்பின் பெயரால் அடைக்கப்பட்ட கதவு இன்று இல்லை. மீனவர் பிள்ளைகளுக்குக் கேரள மீன்வளத் துறை கல்விச் சலுகைகள் வழங்குகிறது. 'வித்யாதீரம்' என்னும் திட்டத்தின் கீழ் நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சியும் அளிக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் விழிஞ்ஞம், பூந்துறை முதலிய ஊர்களில் பல குடும்பங்களின் உழைப்பாளிகளைக் கடலில் பலிகொண்டது. உயிரிழந்தோரின் பிள்ளைகளுடைய கல்விப் பொறுப்பை மாநில அரசு ஏற்றுக்கொண்டது.

ஆகவே வகுப்பறைக்குள் இடம் கிடைத்தது. வளாக வாழ்வில் இடம் கிடைத்ததா என்பதே ஆராயத்தக்க கேள்வி.

விழிஞ்ஞத்திலிருந்து காரியவட்டம்

விழிஞ்ஞம் நகருக்குத் தெற்கே உள்ளது. பல்கலைக்கழகத்தின் முதுகலைத் துறைகள் இயங்கும் காரியவட்டம் நகருக்கு வடக்கே உள்ளது. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். புறவழிச்சாலை அமைந்தபின் பயணம் எளிதாகியுள்ளது. எனினும் பேருந்தில் மாறிச் செல்வோருக்குப் போகவும் வரவும் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவாகும். வகுப்புகள் முடிந்த பின்னரே பேரவைக் கூட்டமும், நாடக ஒத்திகையும், விளையாட்டும், நூலகப் பேச்சும் தொடங்குகின்றன. அவ்வேளையில் பேருந்துக்கு ஓட வேண்டிய மாணவர் வகுப்பில் முழு உறுப்பினராகவும் வளாகத்தில் அரை உறுப்பினராகவும் இருக்கிறார். தேர்தலில் நிற்க லிங்டோ குழு விதித்த தகுதிகள் அனைத்தும் அவருக்கு இருக்கலாம். வாக்குக் கேட்க மாலை நேரம் இல்லை.

இதனோடு பருவமும் சேர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் ஆகஸ்ட் வரை திருவனந்தபுரக் கடற்கரையின் பல ஊர்களில் அலைச் சீற்றத்தால் படகு இறக்க இயலாது. இயற்கையாய் அமைந்த விரிகுடாவும் மீன்பிடித் துறைமுகமும் உள்ள விழிஞ்ஞத்தில் இறக்க இயலும். ஆகவே சுற்று வட்டாரப் படகுகள் இங்கே வந்து கூடுகின்றன. விசைப்படகுகளின் இழுவலைக்கு 52 நாள் தடை நிலவும் அக்காலத்திலும் பாரம்பரிய மீனவர் தொழில் செய்கின்றனர். விழிஞ்ஞத்துக்கு ஆண்டின் முதன்மையான வருவாய்க் காலம் அதுவே. கல்லூரிகளில் புது மாணவர் சேர்ந்து, முதல் நட்புகள் அரும்பி, குழுக்களும் அணிகளும் உருவாகி, ஓணக் கொண்டாட்டத்துக்கு ஆயத்தம் நடப்பதும் அதே மாதங்களில்தான். வீட்டில் கை தேவைப்படும் நேரமும் வளாகத்தில் முகம் தேவைப்படும் நேரமும் ஒன்றாகி விடுகின்றன.

பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்பர். ஒன்றைச் செய்யும் பொருட்டு எதனைக் கைவிடுகிறோமோ, அதுவே செய்ததன் உண்மைச் செலவு. வசதியுள்ள வீட்டு மாணவர் மாலை இரண்டு மணி நேரத்தை விவாத மேடையில் கழித்தால் அவர் கைவிடுவது ஓய்வு. மீனவ வீட்டு மாணவர் கைவிடுவது அன்றைய மீன் ஏலத்தில் தந்தைக்குச் செய்யும் உதவி, அல்லது கடைசி நேரடிப் பேருந்து. இருவரும் ஒரே மேடையில் நிற்கக் கொடுக்கும் விலை வேறு.

பெண்களுக்கு இவ்விலை மேலும் கூடுதல். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாள் ஒன்றுக்கு அதில் 289 நிமிடம் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடம். இக்கடற்கரையில் தாய்மார் மீனைக் கூடையில் சுமந்து சென்று விற்பது வழிவழி வந்த தொழில். தாய் சந்தையிலிருந்து திரும்பும் வரை அடுப்பும் இளைய பிள்ளைகளும் மகளின் பொறுப்பு. அவள் கல்லூரியில் முதல் மதிப்பெண் பெறுகிறாள் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. கலைவிழாக் குழுவின் தலைவி ஆனாள் என்ற செய்தி அரிது.

இஃது அற்பமான இழப்பு என்று கருதுவோர் உண்டு. வேலை தேடும் காலத்தில் அதன் பெறுமானம் தெரிகிறது. எங்கே எந்தப் பணியிடம் காலியாக உள்ளது, எந்தத் தேர்வுக்கு எதைப் படிப்பது, நேர்காணலில் எப்படிப் பேசுவது ஆகியவற்றை மாணவர் பெரும்பாலும் பாடநூலிலிருந்து அறிவதில்லை. விடுதி அறையிலும், உணவுக்கூட மேசையிலும், மூத்த மாணவரிடமிருந்தும் அறிகின்றனர். விழிஞ்ஞத்தின் பன்னாட்டுத் துறைமுகத்துக்கு 2024 சூலையில் முதல் பெருங்கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சரக்கு மேலாண்மை, கப்பல் முகமை, கணக்கு, காப்பீடு எனப் பல துறைகளில் படித்தவருக்கு அங்கே தேவை எழும். துறைமுகத்தின் சுவருக்கு அருகில் பிறந்தவருக்கு அவ்வேலை கிடைப்பது, பட்டத்தை மட்டுமன்றிப் பழக்கத்தையும் பொறுத்தது.

முகாமும் வெள்ளமும்

மாணவரின் கூட்டு வாழ்வுக்கு நாடு தழுவிய அளவில் அரசே வழிவகுத்த முயற்சிகளுள் முதன்மையானது நாட்டு நலப்பணித் திட்டம். தேசியப் பணி குறித்து 1959-இல் அமைந்த தேஷ்முக் குழுவும், கோத்தாரி கல்விக் குழுவும் (1964–66) இதற்கு அடித்தளம் இட்டன. காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் அன்றைய மையக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் இதனைத் தொடங்கினார். அவர் பொருளியல் அறிஞர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பன அதன் அமைப்பு. கேரளத்தில் இதற்குச் சலுகை மதிப்பெண்ணும் உண்டு.

முகாம்களுக்கு மீனவ ஊர்களும் தேர்ந்தெடுக்கப்படுவதுண்டு. சுகாதாரக் கணக்கெடுப்பு, கடற்கரைத் துப்புரவு, விழிப்புணர்வுப் பேரணி ஆகியவை நடைபெறும். அவற்றில் மீனவர் பெரும்பாலும் தொண்டு பெறுபவராகவே நிறுத்தப்படுகின்றனர். 2018 ஆகஸ்டு வெள்ளம் இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. விழிஞ்ஞம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், பத்தனம்திட்டைப் பகுதிகளுக்குச் சென்றனர். மாநில அரசின் கணக்குப்படி 669 படகுகளில் 4,537 மீனவர் இம்மீட்பில் ஈடுபட்டு, 65,000 பேரையேனும் காப்பாற்றினர்.

அதே நாட்களில் திருவனந்தபுரத்தில் மாவட்ட நிர்வாகம் அமைத்த சேகரிப்பு மையங்களில் கல்லூரி மாணவர் இரவு பகலாகப் பொருள்களைப் பிரித்துக் கட்டி வண்டியேற்றினர். மாநிலத்தின் மீட்பு இணையதளத்தில் வந்து குவிந்த உதவிக் கோரிக்கைகளைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தும் பணியிலும் மாணவர் பலர் ஈடுபட்டனர். ஒருபுறம் கடலறிவு, மறுபுறம் கணினியறிவு. இடம் குறித்த செய்தி மாணவரிடமிருந்து சென்றது, நீரோட்டத்தில் படகைச் செலுத்தும் திறன் மீனவரிடம் இருந்தது. அத்தலைமுறை மாணவரைக் கல்லூரி நாட்களின் மறக்க இயலாத நிகழ்ச்சி எது என்று கேட்டால், இந்தப் பத்து நாட்களைக் குறிப்பிடுவோர் பலராய் இருப்பர். அதற்குப் பாடத்திட்டமோ மதிப்பெண்ணோ இருக்கவில்லை. கல்லூரிகள் மூடப்பட்டிருந்ததால் அவர்களுக்கு நேரம் இருந்தது.

நேரத்துக்கு ஓர் ஒதுக்கீடு

திட்டமிடுவோர் இதிலிருந்து பெறத்தக்கது, புதிய துறை ஒன்றைத் தொடங்கும் யோசனையன்று. ஏற்கெனவே உள்ளவற்றின் நேரத்தை மாற்றியமைப்பதே போதுமானது. பேரவைக் கூட்டங்களையும் மன்றங்களையும் வாரத்தில் ஒரு பிற்பகல் வகுப்பு நேரத்துக்குள் கொண்டுவந்தால், வீட்டிலிருந்து வருவோரும் பங்கு கொள்ள இயலும். விடுதி இடங்களைத் தூரம், வருவாய் ஆகியவற்றின் அடிப்படையில் வழங்கும்போது கடற்கரை ஊர்களின் பருவ நெருக்கடியையும் ஓர் அளவையாகக் கொள்ளலாம். ஆண்டு முழுவதும் இடம் தர இயலாத விடுதி, தேர்வுக் காலத்திலாவது தரலாம். கேரளத்தில் 2024 சூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பு, வகுப்பறைக்கு வெளியே நடைபெறும் கற்றலுக்கும் மதிப்பலகு தர இடமளிக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தில் கணக்கெழுதும் மாணவரின் உழைப்பு அவ்வகையில் மதிக்கத்தக்கதா என்பதைப் பல்கலைக்கழகங்கள் ஆராயலாம்.

இவற்றுள் உடனடியாகச் செய்யத்தக்கது ஏழு நாள் முகாம் தொடர்பானது. முகாமில் மாணவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பாய் விரித்து உறங்குகின்றனர். முறை வைத்துச் சமைத்துப் பாத்திரம் கழுவுகின்றனர். இரவில் விளக்கைச் சுற்றி அமர்ந்து பாடவும் வாதிடவும் செய்கின்றனர். வீட்டிலிருந்தே படித்து முடிக்கும் மாணவருக்கு மூன்று நான்கு ஆண்டுகளில் கிடைக்கும் விடுதி வாழ்வு பெரும்பாலும் இந்த ஏழு இரவுகள் மட்டுமே. முகாம்கள் டிசம்பர் விடுமுறையில், கிறிஸ்துமசை ஒட்டி அமைவது கேரளத்தில் வழக்கம். விழிஞ்ஞத்து மீனவருள் ஒரு பெரும் பகுதியினர் இலத்தீன் கத்தோலிக்கர். திருவிழாவுக்கு வீட்டில் இருக்க வேண்டிய வாரமும், பருவமழைக் காலத்து மீன்பிடி வாரங்களும் தவிர்த்து, சனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுக்க நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. நாட்காட்டியைத் தயாரிக்கும் அலுவலர், மாணவர் பட்டியலில் ஊர்ப் பெயர் உள்ள பத்தியையும் ஒருமுறை பார்த்தால் போதும்.